மழை வாரம்

என் தனத்துக்கு,

‘என்’ என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பத்தொன்பது வருடம் பேசாமல் இருந்தவனுக்கு அந்த உரிமை உண்டா என்று நீ கேட்கமாட்டாய். மற்றவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். இதைப் பத்திரிகையில் போடக் கொடுக்கிறேன். தபாலில் வரும் கடிதத்தை நீ சமையலெல்லாம் முடித்த பிறகுதான் பிரிப்பாய். பத்திரிகை வந்தால் உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே பிரித்துவிடுவாய்.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. சுங்கை சோவில் உன் அடுக்குமாடிக்குக் கீழே போட்டிருந்த கூடாரத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் வந்து, இறந்தவருக்கு நான் என்ன உறவு என்று கேட்டார். அண்ணன் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு போத்தல் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். உன் முகத்தைப் பார்த்தபோதும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம் குடியிருக்கும் இடத்தில் எனக்கு வேறெதுவும் நுழையாது. அது உனக்குத் தெரியும்.

என்ன கோபம் என்று இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். புக்கிட் பெலிம்பிங் பக்கத்தில் இருந்த நம் ரப்பர் தோட்டத்தை விற்று, நாம் குடியிருந்த லய வீடுகளைக் காலி செய்யச் சொன்ன வருடம் அது. நான் கடல் தாண்டி சபாவில் ஆசிரியராக இருந்தேன். மாற்றலாகிப் போகும்போது என் புத்தகங்களை நான்கு பெட்டிகளில் கட்டி உன் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். கல்லூரி நாளிலிருந்து, மதியச் சாப்பாட்டைக் குறைத்துச் சேர்த்தவை. வீடு மாறின அன்று உனக்கு ஒரே ஒரு லோரிதான் கிடைத்தது. அதில் நீ தையல் மிஷினை ஏற்றினாய், அரிசி டின்னை ஏற்றினாய், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் பிரித்தெடுத்து நீ தைத்து வைத்திருந்த கட்டுகளை எல்லாம் ஏற்றினாய். என் நான்கு பெட்டிகளை மட்டும் விட்டுவிட்டுப் போனாய்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளி விடுமுறைக்கு வந்தேன். லயத்தின் கூரைத் தகரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இரண்டு நாள் மழை. என் புத்தகங்கள் தேத்தண்ணியில் தோய்த்த ரொட்டிபோல ஊதிக் கிடந்தன. அங்கிருந்து நேராக உன் புது வீட்டுக்கு வந்தேன். உன் கட்டுகள் அலமாரியில், காய்ந்து, வரிசையாக நின்றன. நீ வருத்தப்பட்டிருந்தால் போயிருப்பேன். நீ நிதானமாகச் சொன்னாய்:

“உன் புத்தகம்லாம் கடையில கிடைக்கும்ணே. இது எங்கயும் கிடைக்காது.”

வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை என் நூலகத்துக்கு மேலே வைத்த அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் பத்தொன்பது வருடம். உன் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை. உனக்குக் கால் விரலை எடுத்தபோது வரவில்லை. யாராவது உன் பேச்சை எடுத்தால் நான் அந்த ரொட்டியைப் பற்றிச் சொல்வேன்.

இந்த நாட்டில் எனக்குக் கோபம் உன்மேல் மட்டும் இல்லை. சபாவிலிருந்து திரும்பி, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பதினைந்து வருடம் இலக்கியம் சொல்லிக் கொடுத்தேன். முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தபோது ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராகக் கூப்பிடுவார்கள். முடிவு எழுதி வைத்த பிறகு கூப்பிடுவார்கள். நான் எழுதிய நாவல் மூன்று முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை உறையைப் பிரித்த அடையாளம்கூட இல்லை. இதையெல்லாம் நான் மறப்பதில்லை. மறக்காமல் இருப்பதைப் படிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் உன் மகள் கூப்பிட்டாள். “மாமா, அம்மா க்ளியரா சொல்லிட்டாங்க. புக் கட்டெல்லாம் கெர்லிங்ல இருக்கிற பாக்கியம் அத்தைக்குத்தான். எனக்கு கார் இல்ல. நீங்க கொண்டுபோய்க் குடுத்துடுங்க லா.”

எனக்கு இல்லையா என்று வாய்வரை வந்தது. கேட்கவில்லை. நீ தோட்டத்து ஆயாக்கொட்டாயில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்த காலத்தில் கூட இருந்த பாக்கியத்துக்குப் போகிறது, கூடப் பிறந்தவனுக்கு இல்லை. நான் வெறும் லோரி. முப்பத்தொரு கட்டுகளையும் காரில் ஏற்றினேன். அன்றைக்கே கெர்லிங்குக்குப் போயிருக்கலாம். உன் வீட்டிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம்கூட இல்லை. ஏனோ காரைத் திருப்பிக் கோலசிலாங்கூரில் என் வீட்டுக்கு ஓட்டிவந்தேன். இரண்டு நாள் இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டு வாரம் ஆகிவிட்டது.

என் வீட்டை நீ பார்த்ததில்லை. கூடம் முழுக்கக் கண்ணாடி அலமாரி. நனைந்த ஒவ்வொரு புத்தகத்தையும் திரும்ப வாங்கிவிட்டேன், தனம். ஒன்று விடாமல் கிடைத்தது, கடையில். யாருக்கும் இரவல் தருவதில்லை. படிக்க யாரும் கேட்டதும் இல்லை. அந்தக் கூடத்தின் நடுவில் உன் கட்டுகளை இறக்கியபோது ரப்பர் பால் வாடை வீசியது. கோந்து வாங்க வழியில்லாமல், அப்பா பால்டின்னில் கொண்டுவந்து தந்த ரப்பர் பாலைப் பூசித்தானே முதுகு ஒட்டுவாய்? பழுப்பேறி, இறுகி, இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிஸ்கட் பெட்டி அட்டை, சாக்கு ஊசித் தையல். என் அலமாரியில் இருக்கும் இந்தியப் பதிப்புகள் பலவற்றின் முதுகு எப்போதோ விட்டுவிட்டது.

குற்றம் கண்டுபிடிக்கத்தான் பிரித்தேன். அதை ஒத்துக்கொள்கிறேன். ஏழாவது கட்டில், அச்சுத் தாள்களுக்கு நடுவே, பள்ளிக்கூட நோட்டுத் தாள் நான்கு இருந்தன. உன் கையெழுத்து. ஓரத்தில் சிவப்பு மை. அது என் கையெழுத்து.

தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வரும் பத்திரிகைக் கட்டில் ஏதாவது ஒரு வாரம் விட்டுப்போகும். அப்போது நம் தோட்டத்துப் பெண்கள் பக்கத்துத் தோட்டத்தில் அந்த இதழை இரவல் வாங்கி, விட்டுப்போன அத்தியாயத்தைக் கையால் பெயர்த்து எழுதிக் கட்டில் சேர்ப்பார்கள். அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். நான் கல்லூரி இரண்டாம் வருடம் விடுமுறைக்கு வந்திருந்தபோது இந்த நான்கு தாளை என்னிடம் கொடுத்தாய்.

“இந்த வாரத்த மட்டும் படிச்சுப் பாருண்ணே.”

அவ்வளவுதான் சொன்னாய். கொடுத்துவிட்டுப் போகாமல் கதவுப் பக்கம் நின்றாய். நான் படித்தேன். கதாநாயகி ஒரு தஞ்சாவூர்ப் பெண். அவள் அப்பா வங்கி அலுவலர். அன்று விடியற்காலையிலிருந்து மழை. அப்பா வேலைக்குப் போகவில்லை. குவளையில் காப்பியை வைத்துக்கொண்டு மகளைப் பேப்பர் படிக்கச் சொல்லிக் கேட்கிறார். மழை விட்டுவிடக் கூடாதே என்று அவள் ஒவ்வொரு செய்தியையும் மெதுவாகப் படிக்கிறாள்.

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். கல்லூரியில் புதிதாக வந்த பழக்கம். ஓரத்தில் எழுதினேன். எழுதியதை வாயாலும் சொன்னேன், பார்த்து எழுதக்கூட வராதா என்று. நீ தாளை வாங்கிக்கொண்டாய். பிள்ளைகளைக் குளிப்பாட்ட நேரமாகிவிட்டது என்று போய்விட்டாய்.

முப்பத்தேழு வருடம் கழித்து, என் கூடத்துத் தரையில் உட்கார்ந்து அந்தத் தாள்களைத் திரும்பப் படித்தேன். அடுத்த பக்கம் மறு வாரத்து அச்சுத் தாள். அதன் தலைப்பில் ‘முன்கதைச் சுருக்கம்’ இருந்தது. முந்தின வாரம் அந்தப் பெண் அத்தை வீட்டுக்கு ரயிலேறிப் போனாள் என்று இருந்தது. மழை இல்லை. அப்பா இல்லை. பேப்பர் இல்லை. உன் தாளை மறுபடி பார்த்தேன். ரயிலும் இல்லை, அத்தையும் இல்லை.

நீ எங்கிருந்தும் பார்த்து எழுதவில்லை.

காலையில் மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, ரப்பர் பாலில் தண்ணீர் கலந்துவிடும். மழைப் பகலில்தான் அப்பா வீட்டில் இருப்பார். வேலை இல்லாத நாள் என்று அம்மா முகம் வாடியிருக்கும். நாம் இரண்டு பேரும் உள்ளுக்குள் சந்தோஷப்படுவோம், வெளியே காட்ட மாட்டோம். இது தெரியாதவனா நான்? ஆனால் தஞ்சாவூர் என்றும் வங்கி என்றும் இருந்ததும் என் கண்ணை மறைத்துவிட்டது. அச்சில் வருவது எல்லாம் வேறு யாரோ எழுதுவது. உன் கையால் வருவது பார்த்து எழுதியது. என் படிப்பு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு கட்டாகப் பிரித்தேன். பதினெட்டு கட்டுகளில் உன் வாரங்கள் இருக்கின்றன. ஒரு வக்கீல் வீட்டுக் கதையில் ஆற்றில் வெள்ளம் வந்து மாட்டை மேட்டுக்கு ஓட்டுகிறார்கள். ஒரு துப்பறியும் கதையில் கொலையைப் பற்றியே பேச்சில்லாமல் ஒரு வாரம் முழுக்க இரண்டு பெண்கள் கட்டிலுக்கு அடியில் தொலைந்த தோட்டைத் தேடுகிறார்கள். என் நாவலில் அப்படி ஒரு பக்கம் இல்லை. இதைச் சொல்ல எனக்கு என்ன வலி என்று உனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் என்னைத் தேடினேன், தனம். எல்லா வாரத்திலும் தேடினேன். கோபமாகவாவது, ஒரு கெட்ட அண்ணனாகவாவது எங்காவது வருவேன் என்று பார்த்தேன். அப்பா இருந்தார், அம்மா இருந்தார், பால்கொட்டாயில் கணக்கு எழுதிய கிராணிகூட இருந்தார். நான் எங்கும் இல்லை. அவ்வளவு சுத்தமாகவா என்னை விட்டுவிட்டாய்?

பிறகு எனக்குப் புத்தி வேறு பக்கம் போனது. கட்டுகளை நானே வைத்துக்கொண்டால் என்ன? உன் வாரங்களை மட்டும் பிரித்து, என் முன்னுரையோடு ஒரு புத்தகமாகப் போட்டால் என்ன? முன்னுரையின் முதல் பத்தியை எழுதியும்விட்டேன். அதில் ‘என் வழிகாட்டுதலில்’ என்று ஒரு சொல் தானாக வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்ததும் பேப்பரைக் கிழித்தேன். மறுநாளே கெர்லிங்குக்குப் புறப்படுவது என்று முடிவு செய்தேன்.

ஆனால் புறப்படுமுன் ஒன்று செய்தேன். பிளேடை எடுத்து, ஏழாவது கட்டிலிருந்து அந்த நான்கு தாளையும் முதுகோரமாக அறுத்து எடுத்தேன். ரப்பர் பால் லேசில் விடவில்லை. சிவப்பு மையைப் பாக்கியம் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். தாள்களைக் காரின் முன்பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

வழியில் நம் தோட்டத்து வாசலைக் கடந்துதான் போனேன். இப்போது அங்கே ஆங்கிலப் பெயர் வைத்த வீடமைப்பு. தடுப்புக் கம்பி, காவல்காரர். உன் ஆயாக்கொட்டாய் இருந்த இடத்தில் கார் கழுவுகிறார்கள். கோயிலைக் கழிவுநீர்க் குளத்துக்குப் பக்கத்தில் தள்ளிவிட்டார்கள். உன் அடுக்குமாடியில் மின்தூக்கி இன்னும் ஓடவில்லை என்று உன் மகள் சொன்னாள். பிள்ளை உண்டாகியிருக்கிற அவளுக்கு இது நாலாம் மாதம். அதை நீ தெரிந்துகொண்டுதான் போனாயா?

பாக்கியம் வாசலிலேயே இருந்தார். நரைத்த தலை, கறுப்புக் கண்ணாடி.

“வாங்க வாத்தியாரண்ணே. கட்டு வருது வருதுன்னு ரெண்டு வாரமா வாசலையே பாத்துக்கிட்டு இருக்கேன். கார்ல வந்துச்சா, நடந்து வந்துச்சா?”

வேலை இருந்தது என்றேன். சிரித்தார். பாலில்லாத் தேநீர், தே ஓ கலந்து கொடுத்தார். நான் கட்டுகளை இறக்கி வைக்க வைக்க, ஒவ்வொன்றின் முதுகையும் விரலால் தடவி இது எந்தக் கதை என்று சொன்னார். பார்க்காமலே சொன்னார். அப்போதுதான் விளங்கியது. இரண்டு கண்ணிலும் புரை. அறுவைக்கு நாள் கொடுத்திருக்கிறார்களாம், அடுத்த வருடத்தில். எழுத்து எல்லாம் புகைபோலத் தெரிகிறது என்றார்.

உச்சிப் பொழுதில் பிள்ளைகள் ஏணையில் தூங்கும்போது நீ படிப்பாயாம், பால்வெட்டு முடிந்து வந்த பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். உன் கையால் எழுதிய வாரம் வந்தால் ‘தனம் வாரம்’ என்று சொல்லி, அன்று குளிக்கப் போகாமல் காத்திருப்பார்களாம். கப்பலில் விட்டுப்போன வாரத்துக்கு மட்டும்தானே எழுதினாள் என்று கேட்டேன்.

“மொதல்ல அப்படித்தான். அப்புறம் அச்சு வாரம் வந்தாலும், இது நல்லா இல்லன்னு எடுத்துப் போட்டுட்டு இவ எழுதி வச்சுருவா. நாங்களும் சரின்னுருவோம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உன்னை நினைத்துச் சிரித்து எத்தனை வருடம்?

லோரி ஏற்றிய அன்று பாக்கியமும் உன்கூட இருந்திருக்கிறார். அண்ணன் பெட்டியை ஏற்றவில்லையா என்று இரண்டு தடவை கேட்டாராம். ‘அண்ணனுது போனா அண்ணன் வாங்கிக்குவாரு. இது போனா யாரப் போய்க் கேக்கிறது’ என்றாயாம். மறந்துபோய் விட்டதில்லை, அவசரத்தில் விட்டதில்லை. தெரிந்தேதான் விட்டிருக்கிறாய். பத்தொன்பது வருடமாக அதைத் திமிர் என்று நினைத்தேன். நீ உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறாய்.

அதற்குப் பிறகுதான் அவர் அதைச் சொன்னார்.

“நீங்க காலேஜில இருந்து வந்தப்ப ஒங்ககிட்ட மழ வாரத்தக் குடுத்தாளே, ஞாபகம் இருக்கா? அண்ணன் என்னா சொல்லப்போறாருன்னு கொட்டாயில எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தோம். வந்தா. என்னாடி சொன்னாருன்னோம். ‘நல்லாருக்குன்னாரு’ன்னா. அந்த ஒரு வார்த்தைக்கு ஊருக்கே ரொட்டில சீனி போட்டுக் குடுத்தா. நீங்க அப்படிச் சொன்னதுனாலதான் அவ விடாம எழுதுனான்னு நான் இன்னிக்கும் சொல்லுவேன்.”

நான் தே ஓவைக் கீழே வைத்தேன்.

“அந்த வாரத்தையே படிங்கண்ணே. அது கேட்டு ரொம்ப நாளாச்சு. ஏழாவது கட்டு.”

ஏழாவது கட்டைப் பிரித்தேன். அறுத்த இடத்தில் நான்கு தாளின் ஓரம் மட்டும் பல் மாதிரி நின்றது. அவருக்கு அது தெரியாது. அடுத்த அச்சு வாரத்தைப் படித்து ஒப்பேற்றியிருக்கலாம். தாள் விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். கட்டை மூடி வைத்தேன். பிறகு எழுந்து காருக்குப் போனேன். முன்பெட்டியைத் திறந்து தாள்களை எடுத்துக்கொண்டு வந்தேன்.

படித்தேன். மழையைப் படித்தேன், காப்பிக் குவளையைப் படித்தேன். பாக்கியத்தின் உதடு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெண் பேப்பரை மெதுவாகப் படிக்கும் இடம் வந்தபோது நானும் மெதுவாகத்தான் படித்தேன். முடிந்ததும் தாளை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஓரத்துல செவப்பா என்னமோ தெரியுதே. நீங்க எழுதுனதா? அதையும் படிங்க.”

நல்லாருக்கு என்று எழுதியிருக்கிறேன் என்று சொன்னால் முடிந்தது. நீ சொன்ன பொய்தான், உன் பொய்யை நானும் காப்பாற்றியதாக இருக்கும். ஆனால் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தேன்:

“வங்கி அலுவலர் மழைக்காக வேலைக்குப் போகாமல் இருப்பாரா? கதாசிரியர் இப்படி எழுதியிருக்க மாட்டார். கவனமாகப் பார்த்து எழுது.”

கோழி ஒன்று உள்ளே வந்தது, பாக்கியம் அதை விரட்டவில்லை.

“பேங்க்காரனுக்கும் ஒரு நாளு வீட்ல இருக்க ஆச இருக்காதா?” என்றார். கொஞ்சம் கழித்து, “அப்ப அவ எங்ககிட்ட பொய் சொல்லிருக்கா. முப்பது வருசத்துக்கு மேல. கழுத,” என்றார். அப்படிச் செல்லமாகத் திட்ட இனி நீ இல்லை என்பதும் அந்தக் குரலில் இருந்தது.

எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. நான்கு மாதம் கழித்து, கெர்லிங்கில், உன் தோழி வீட்டு நாற்காலியில். அவர் பார்க்கவில்லை. பார்த்தாரோ என்னவோ.

எழுந்து போய்ச் சாக்கு ஊசியும் நூலும் கொண்டுவந்து என் மடியில் போட்டார். “அறுத்தவருதான் தைக்கணும்,” என்றார். அறுத்தது எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. விரல்தான் எல்லாவற்றையும் தடவிப் பார்த்திருக்கிறதே. நூலைக் கோக்க எனக்கே நாலு தடவை ஆனது. தையல் கோணல். ஒரு இடத்தில் விரலில் குத்திக்கொண்டேன். ஆனால் நான்கு தாளும் இருந்த இடத்தில் நிற்கின்றன, சிவப்பு மையோடு.

ஒன்றே ஒன்றுதான் இன்னும் ஆறவில்லை. நீ சொல்லியிருக்கலாமே, தனம்? கதவுப் பக்கம் நின்றாயே, அப்போதே ‘நான்தான் எழுதினேன்’ என்று ஒரு வார்த்தை? இல்லை, நானே கேட்கட்டும் என்று இருந்துவிட்டாயா?

கட்டுகளைப் பாக்கியத்திடமே விட்டுவிட்டு வந்தேன். நீ சொன்னது அதுதான். சனிக்கிழமைதோறும் அவருக்குப் படித்துக் காட்ட வருவதாகச் சொல்லியிருக்கிறேன். இரண்டு சனிக்கிழமை போயும் வந்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். அச்சு வாரத்தில் அவர்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். உன் வாரம் வந்தால் பேச்சு நிற்கிறது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். முப்பத்தொரு கட்டையும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பேன், நீ வைத்த வரிசையில், நீ எழுதியபடி. முன்னுரை எழுத மாட்டேன். கெர்லிங்குக்குப் போகும் நாட்களில் சட்டைப் பையில் பேனா இருக்காது.

மழை பெய்தாலும் வரும்,
உன் கூடப்பிறந்த அண்ணன்.